விதைக்கடலைக் குவியலுக்கு அந்தப் பக்கம்

அந்த யோசனை எனக்கு மதுரை பஸ் நிலையத்தில் வந்தது. எங்கள் கல்லூரி விடுதியில் சமைத்துப் போட்ட சரசக்கா தன் மகளோடு ஊருக்குக் கிளம்பினாள். வழியனுப்ப நானும் போயிருந்தேன். ஒரு பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது. "பலகையில என்னம்மா போட்டிருக்கு?" என்று சரசக்கா என்னைக் கேட்டாள். "உங்க பொண்ணுதான் அஞ்சாம் வகுப்பு முடிச்சிருக்காளே, அவளைக் கேளுங்க" என்றேன். அந்தப் பெண் பலகையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அப்புறம் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் போய்விட்டது. அது அவர்கள் போக வேண்டிய பஸ்தான்.

அன்று முழுவதும் அந்தக் கட்டைவிரல் என் கண்ணை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடக் கணக்கில் அந்தப் பெண் குறையில்லாமல் இருக்கிறாள்: சேர்ந்தாள், வந்தாள், முடித்தாள். அவளுக்குள் எழுத்து போய்ச் சேர்ந்ததா என்று எந்தக் கணக்கிலும் கட்டம் கிடையாது. சரி, நானே போய்ப் பார்த்துவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். நிலாவில் மனிதன் கால் வைத்து ஒரு வருடம்தான் ஆகிறது. பட்டம் வாங்கி வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு எதுவும் முடியும் என்று தோன்றுகிற காலம்.

ஒரு கெட்டி அட்டை வாங்கினேன். மேலே சில எழுத்துகள், அதற்குக் கீழே சில சொற்கள், அதற்கும் கீழே ஒரு குட்டிக் கதை, பின்பக்கம் கூட்டல் கழித்தல். வீடு வீடாகப் போவது. பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று கேட்பது. போனாலும் போகாவிட்டாலும் அட்டையைக் காட்டுவது. அவ்வளவுதான் திட்டம். கதை நானே எழுதியது: "மழை பெய்தது. கண்மாய் நிறைந்தது. கொக்குகள் வந்தன. ஊரார் மகிழ்ந்தனர்."

என்னோடு படித்த செண்பகத்துக்கு அருப்புக்கோட்டை. அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. "எங்க ஊர்ப் பக்கம் வா, எத்தனை கிராமம் வேணுமோ காட்டுறேன்" என்று எழுதியிருந்தாள். அட்டையைப் பார்த்ததும் முதலில் கதையைத்தான் படித்தாள். "ஏண்டி, கண்மாய் நெறைஞ்சதா? எங்க பக்கத்துப் பிள்ளைங்க இதை மாயாஜாலக் கதைன்னுல்ல நெனைக்கும்."

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரி. எங்கள் வீட்டுக் கொல்லையில் வாய்க்கால் ஓடும். தண்ணீர் என்றால் அது பாட்டுக்கு வந்து போகிற ஒன்று என்றே நினைத்து வளர்ந்தவள். காரியாபட்டி தாண்டியதும் பஸ் ஜன்னலில் இருந்து பச்சை நிறம் உதிர ஆரம்பித்தது. அப்புறம் கறுப்பு மண். மழைக்கு முன்னால் புழுதியாக உழுது போட்டது, ஆகாயம் வரைக்கும். ஆவணி வெயிலில் அந்த மண்ணின் மேல் காற்று நடுங்கியது. தூரத்தில் ஓர் ஏரி பளபளத்தது. அதில் பனைமரங்கள் தலைகீழாக நின்றன. "செண்பகம், தண்ணி!" என்று கத்திவிட்டேன். முன்சீட்டில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்து, "கானலும்மா அது. நானும் பொறந்ததுலருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், கிட்டப் போனா அதுவும் கெளம்பிரும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திரும்பி, "எந்த ஊரு நீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "ஓ, தண்ணிக்காட்டுப் பிள்ளையா" என்று பரிதாபமாகச் சொல்லிவிட்டுத் தூங்கிப் போனார்.

அருப்புக்கோட்டையில் இறங்கினால் தெருவெல்லாம் மல்லிகை வாசம், அதற்கடியில் தறிகளின் சடக் சடக். செண்பகத்தின் அம்மா இட்லியும் அதற்குப் பிறகு சுக்கும் கருப்பட்டியும் போட்ட பருத்திப்பாலும் கொடுத்தார்கள். பருத்தியில் பால் வரும் என்பது எனக்குத் தெரியாது. கொட்டையை ஆட்டிப் பிழிகிறார்கள். தொண்டையில் இறங்கும்போது யாரோ போர்வை போர்த்திவிடுவது போல இருந்தது.

செண்பகத்தின் அப்பா கடையிலிருந்து வந்து என்னை விசாரித்தார். "இதுக்குச் சம்பளம் யாரும்மா தர்றாக?"

"யாரும் தரலைப்பா."

"அப்ப யாரு அனுப்பிச்சது?"

"யாரும் இல்லை. நானாத்தான் வந்தேன்."

அவர் மகள் பக்கம் திரும்பினார். "காலேஜுல மொத மார்க்கு வாங்குச்சுன்னு சொன்னியே, இந்தப் புள்ளதானா அது?" சிரித்துக்கொண்டே ஒரு எச்சரிக்கையும் தந்தார். "பையத் தூக்கிக்கிட்டு யாரும் ஊருக்குள்ள வந்தா அம்மை குத்த வந்திருக்காகன்னு நெனைப்பாக. புள்ளைக ஒண்ணு கண்ணுல தட்டுப்படாது, பாத்துக்கங்க."

அப்படியேதான் ஆயிற்று. மறுநாள் காலை மல்லாங்கிணறு பக்கம் ஒரு சிற்றூரில் நாங்கள் இறங்கி நடந்ததும், தெருவில் கோலி விளையாடிக்கொண்டிருந்த கூட்டம் காற்றில் பறந்த சருகு மாதிரி மறைந்தது. "அம்மை குத்த வந்துட்டாகடோய்!" என்ற குரல் மட்டும் வீடு வீடாகத் தாவிப் போனது. கோழிகள் மட்டும் நின்று எங்களைப் பார்த்தன. முதல் வீட்டு அம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "எங்க வீட்ல புள்ளையே இல்லம்மா." அவள் பின்னால், தானியம் கொட்டி வைக்கும் ஆள் உயர மண்குலுக்கைக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது.

"குலுக்கைக்குச் சளி பிடிச்சிருக்கு போல" என்றாள் செண்பகம்.

அந்த அம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. செண்பகம் என் பையை வாங்கி நடுத்தெருவில் தலைகீழாகக் கொட்டினாள். அட்டை, பென்சில், தண்ணீர் பாட்டில், ஒரு பொட்டலம் காராச்சேவு. ஊசி இல்லை. குலுக்கைகள், வைக்கோற்போர்கள், கட்டிலடிகள் எல்லாம் பிள்ளைகளைத் திருப்பித் தந்தன.

இரண்டு கையாலும் அட்டையை என் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொள்வேன். பிள்ளை எதிரே நின்று படிக்க வேண்டும். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் எழுத்துகளோடு நின்றுவிட்டான், சொற்களுக்கு வரவில்லை. இன்னும் சில பிள்ளைகள் அட்டையைத் தலை சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. பெயர் மட்டும் பள்ளியில் இருந்து, ஆள் ஆட்டோடு அலைந்த ஒருத்தி கணக்கை மட்டும் நான் கேட்டு வாய் மூடும் முன் சொன்னாள். ஆடு எண்ணி வந்த பழக்கம். பள்ளிக்கூடம் போனவர்கள், படிக்கத் தெரிந்தவர்கள் என்று இரண்டு கூட்டத்தை நான் தனித்தனியாக எண்ண வந்தேன். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தாது என்பது அன்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. எனக்கு ஒரே பரவசம். செண்பகத்துக்கு ஒரே பசி.

காட்டு வழியில் ஓர் அம்மாள் கம்பங்கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். கேட்காமலே இரண்டு சிரட்டை நீட்டினாள். தொட்டுக்கொள்ள உரித்த வெங்காயம், வறுத்த மோர்மிளகாய். குடித்துவிட்டுப் பனைமரத்தடியில் சாய்ந்தேன். ஓலைகள் மேலே உரசிக்கொண்டன. கண்ணை மூடினால் அது எங்கள் வாய்க்கால் சத்தம். தூக்கத்தில் என் அட்டையின் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று, நிரம்பிய கண்மாயில் கொக்குகளாக இறங்கின. செண்பகம் உலுக்கி எழுப்பும்போது ஒரு 'ழ' மட்டும் இறங்க மனமில்லாமல் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் திருச்சுழிக்குப் போய், கோயில் பக்கத்துக் கடையில் ஒரு பொட்டலம் சேவு வாங்கிக்கொண்டு, அங்கிருந்து வீரசோழன் போகும் சாலையில் ஓர் ஊரில் இறங்கினோம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இருப்பது ஒரே வாத்தியார், அவருக்குச் சங்கடம் வரக்கூடாது.

ஊருக்குள் நுழையும்போதே ஒரு வீட்டிலிருந்து பாடம் படிக்கும் சத்தம் வந்தது. ஒரு பையன் குரல் ஒரு வரி சொல்ல, ஒரு பெண் குரல் அதையே திருப்பிச் சொன்னது. பூசை மாதிரி, நிறுத்தாமல். "பார்த்தியா, இந்த வீட்டைப் பார்த்தியா!" என்று செண்பகத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

வேப்பமரத்து நிழலில் சாக்கு விரித்து, அதன் மேல் நிலக்கடலை அம்பாரமாகக் கிடந்தது. இந்தப் பக்கம் மூன்றாம் வகுப்புப் படிக்கும் சோணை. அந்தப் பக்கம் அவன் அக்கா ராக்கு. பதினோரு வயது இருக்கும். நடுவே குவியலின் உச்சியில், சுளகு என்று இங்கே சொல்லும் முறம், அதில் அவன் பாடப்புத்தகம், காற்றுக்குப் பறக்காமல் ஒரு கல். சோணை விரலால் வரியைத் தடவித் தடவிப் படித்தான். அதனால் அவன் பங்குக்கு உடைத்த கடலை மிகக் கொஞ்சம். ராக்குவின் இரண்டு கையும் தாமாகவே உடைத்தன. கண் அவன் விரலிலேயே இருந்தது.

அவர்கள் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "படிப்புன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று நான் வாயாரப் புகழ்ந்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

"படிப்பு எங்கிட்டுத் தாயி? இது வெதக்கடல. வாய் சும்மா கெடந்தா அம்புட்டும் உள்ள போயிரும். அதான் அவன் படிக்கணும், இவ திருப்பிச் சொல்லணும். சத்தம் நின்னுச்சுன்னா நான் உள்ள இருந்து வெளக்கமாத்தோட வாரேன்னு அர்த்தம்."

"மத்த வீட்லயும் இப்படியா?"

"மத்த வீட்ல பாட்டுப் பாடச் சொல்வாக, சீட்டியடிக்கச் சொல்வாக. எங்க வீட்ல புத்தகம் இருக்கே, சும்மா எதுக்குக் கெடக்கணும்? கடல முடிஞ்சா புளி உடைக்கயில படிக்குங்க. அதுவும் வாய்க்குள்ள போற சாமானுதான்."

ராக்கு பள்ளிக்கூடம் போனதே இல்லை. கைப்பிள்ளைகளைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள், வயது போய்விட்டது. இப்போது போக வேண்டும் என்கிறாளாம். நான்கு நாளாகச் சரியாகச் சோறு தின்னவில்லையாம். "அவுக ஒரே பேச்சா சொல்லிட்டாக" என்றாள் அம்மா. "படிக்கத் தெரிஞ்சா நாலாப்புல உக்காரட்டும், நானே கூட்டிக்கிட்டுப் போறேன். தெரியலேன்னா ஒண்ணாப்புல பால்பல்லு விழாததுக கூட இம்புட்டு வளந்த புள்ளய உக்கார வைக்க மாட்டேன், ஊரு சிரிக்கும்னுட்டாக. நீங்க படிச்ச புள்ளைக. நீங்களே பாத்துச் சொல்லிருங்க. நீங்க சொன்னாச் சரிதான்."

சோணை முதலில் வந்தான். அட்டையைத் தட்டுத் தடுமாறிப் படித்து முடித்துவிட்டு, "எந்தக் கண்மாய்?" என்று கேட்டான். செண்பகம் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அப்புறம் ராக்கு. பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அட்டையை உயர்த்திப் பிடித்தேன். அவள் தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள், கோழி தானியத்தைப் பார்ப்பது போல. அட்டையை வாங்கக் கை நீட்டினாள். "வேண்டாம்மா, நானே பிடிச்சுக்கறேன், நீ படி" என்றேன் அன்பாகத்தான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எழுத்துகளுக்குப் போனேன். அங்கேயும் இரண்டு மூன்றைத் தவிர ஒன்றும் வரவில்லை. சட்டென்று கண்ணை மூடிக்கொண்டு சோணையின் பாடம் ஒன்றை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"அது மனப்பாடம்மா" என்றேன். "எழுத்து தெரியலை."

"சரி" என்றாள் அம்மா. "அவுக சந்தைக்குப் போயிருக்காக. வந்தாச் சொல்லிர்றேன்."

ராக்கு போய்க் குவியலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். கை உடைக்க ஆரம்பித்தது. சோணை ஒரு வரி படித்தான். திருப்பிச் சொல்லும் குரல் வரவில்லை. உள்ளேயிருந்து அம்மா, "என்ன, சத்தத்தக் காணோம்?" என்றாள். கோபமாக அல்ல. அதைக் கேட்டுக்கொண்டே நாங்கள் தெருவுக்கு வந்தோம்.

மற்ற வீடுகளை முடிக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. சாலையில் உடைமரத்தடியில் நின்றோம். வீரசோழன் சந்தையிலிருந்து வரும் பஸ் வந்தது. வந்து, ஆவி விட்டு, அப்படியே நின்றுவிட்டது. டிரைவர் மூடியைத் திறந்தார். ரேடியேட்டரில் தண்ணீர் வற்றியிருந்தது. சந்தைக்குப் போய் வந்த சனம் மூட்டை முடிச்சோடு இறங்கி நின்று வேடிக்கை பார்த்தது. கண்டக்டர் ஒரு தகரவாளியோடு ஊருக்குள் போனார்.

குழாயடியும் கிடையாது, கிணற்றில் தண்ணீர் ஊறி வர விடிய வேண்டும். "மனுசன் குடிக்கவே காணோம், பஸ்ஸுக்குத் தாகமாம்ல!" என்று ஒரு குரல் கேட்டது. இருந்தாலும் வந்தது. வீட்டுக்கு ஒரு செம்பாக, பெண்கள் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஒவ்வொரு செம்புக்கும் டிரைவர், "நல்லா இருப்ப ஆத்தா" என்றார். எங்கள் ஊரில் வயிறு நிறைய தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தை ஆற்றில் கொட்டுவோம். இங்கே ஒரு வண்டியை ஊரே சேர்ந்து செம்பு செம்பாக எழுப்புகிறது. நான் கனவு காண்பது போல நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராக்குவும் ஒரு செம்போடு வந்தாள். ஊற்றிவிட்டுத் திரும்பும்போது எங்களைப் பார்த்துத் தயங்கினாள். எனக்கு அவளை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. "வா, சேவு தின்னுட்டுப் போ" என்று மரத்தடியில் உட்கார்ந்து, மடியில் பொட்டலத்தைப் பிரித்தேன். பழைய பத்திரிகைத் தாள். அவள் எனக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒரு சேவை எடுத்தாள், தின்னவில்லை. சேவுகளை ஓரமாக ஒதுக்கினாள். எண்ணெய் ஊறிய தாளில் விரலை வைத்தாள்.

"'இனி இந்த வீட்டுக்கு வராதீர்கள்' என்று சொல்லிவிட்டு அவள் கதவை மூடினாள். வெளியே நின்றவன் நெடுநேரம்…"

அதோடு தாள் கிழிந்திருந்தது. அவள் நிமிர்ந்தாள். "யாருக்கா கதவ மூடுனா?"

செண்பகம் வாய் நிறைய சேவோடு மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

நான் தாளைப் பார்த்தேன். எழுத்துகள் என்னைப் பார்த்து நிமிர்ந்து நின்றன. அவளுக்கு அவை தலைகீழாக இருந்தன. தாளைச் சுற்றி அவள் பக்கம் நேராக வைத்தேன். அவள் முகம் மூடிக்கொண்டது, காலையில் அட்டைக்கு முன்னால் நடந்தது போலவே. தலை சாய்ந்தது. மறுபடி சுற்றினேன். "நெடுநேரம்" என்றாள் உடனே, "அதுக்கு மேல கிழிஞ்சிருக்கு."

"அடியே" என்றாள் செண்பகம் மெதுவாக. "குவியலுக்கு அந்தப் பக்கம்டி. இவ அந்தப் பக்கம் உக்காந்தே படிச்சிருக்கா."

சின்ன வயதில் எங்கள் வாய்க்கால் கரையில் குப்புறப் படுத்து, தண்ணீருக்குள் தலைகீழாக நிற்கும் தென்னைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நிமிர்ந்து நிஜ மரத்தைப் பார்த்தால் அதுதான் தப்பாகத் தெரியும். இந்தப் பெண் எழுத்தை ஒருநாளும் கரையிலிருந்து பார்த்ததில்லை. தம்பி பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து கடலைக்கும் புளிக்கும் அப்பால் உட்கார்ந்து, அவன் விரல் போன வழியெல்லாம் கூடவே போயிருக்கிறாள்.

பஸ் ஒருமுறை இருமி, உயிர் பெற்று, ஹாரன் அடித்தது. "ஏறுங்க, ஏறுங்க!" என்றார் கண்டக்டர். செண்பகம் என்னைப் பார்த்தாள். நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன். பஸ் புறப்பட்டுப் போய்விட்டது. அது நாங்கள் போக வேண்டிய பஸ்தான்.

ராக்குவின் அப்பா அந்தப் பஸ்ஸில்தான் சந்தையிலிருந்து வந்து இறங்கியிருந்தார். ஆட்டை விற்றுவிட்டு வெறும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்று நீச்சுத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா சொல்லி முடித்திருக்க வேண்டும். ராக்குவைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். நான் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். சுளகின் மேல் தாளை விரித்தேன். ராக்கு அந்தப் பக்கம் நின்று படித்தாள். பத்திரிகைத் தமிழ், ஒரு சொல் சிதறாமல்.

அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். "படிக்குதா, ஒப்பிக்குதா?"

"இந்தத் தாள் இன்னைக்குத்தாங்க உங்க ஊருக்கு வந்தது. திருச்சுழியில சேவு கட்டிக் கொடுத்தது. இதை எங்க போய் மனப்பாடம் பண்ணுவா?"

அவர் தாளைக் கையில் எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். "தலைகீழா இருந்தா என்ன பள்ளிக்கூடத்துல சேத்துக்குவாகளா?" என்றார். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். "சரி. வாத்தியாரக் கேப்போம்."

அன்று அங்கேயே தங்கினோம். சோளச்சோறும் கருவாட்டுக் குழம்பும். செண்பகத்தின் வீட்டில் கருவாடு நுழையாது. அவள் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு, என் தட்டிலிருந்து வந்த வாசனையை மட்டும் திட்டிக்கொண்டே ரசித்தாள்.

காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சின்ன ஊர்வலம் போனது. அப்பா முன்னால், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு. அம்மா, சோணை, நாங்கள் இருவர். கடைசியில் ராக்கு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு.

வாத்தியார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், ஐந்து வகுப்பையும் ஒரே ஆளாக மேய்ப்பவர். "ஒரு பேர் கூடினா எனக்கும் சந்தோசந்தானய்யா" என்றார். புதிதாக யார் வந்தாலும் கேட்கும் பழக்கத்தில், "எங்க, வலது கையத் தலைக்கு மேல போட்டு இடது காதத் தொடு பாப்போம்" என்றார். ஐந்து வயது ஆயிற்றா என்று பார்க்கும் வழி அது. ராக்குவின் கை தலையைச் சுற்றி, காதைத் தாண்டி, தாடை வரைக்கும் வந்தது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. வாத்தியாரே சிரித்துவிட்டார். ராக்கு மட்டும் சிரிக்கவில்லை. அவள் அப்பா கயிறு இல்லாத தோளைத் தடவிக்கொண்டார். ஊர் சிரிக்கும் என்று அவர் பயந்தது இதைத்தான்.

வாத்தியார் மேசையில் மூன்றாம் வகுப்புப் புத்தகம் இருந்தது. அவளுக்குக் கொடுக்க எடுத்தார். "இல்லை சார், அப்படியே இருக்கட்டும். உங்க பக்கம் பார்த்தே இருக்கட்டும்" என்றேன். "நீங்களே ஏதாவது ஒரு பக்கம் புரட்டுங்க. சோணைக்கு இன்னும் நடத்தாத பாடமாப் பார்த்து."

அவர் புத்தகத்தின் கடைசிப் பக்கமாகப் புரட்டினார். ராக்கு மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள். விரலை வரியில் வைத்தாள். அடுத்த நொடி படிக்க ஆரம்பித்தாள். முதல் வரியில் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மூன்றாவது வரியில் எழுந்து வந்து மேசையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். வாத்தியார் புத்தகத்தை நேராக்கினார்; அவள் நின்றுபோனாள். திருப்பினார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை. அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தன வருச சர்வீஸுல…" என்று ஆரம்பித்துக் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். "புத்தகத்தத் திருப்பிரலாம். போர்டத் திருப்ப முடியாதே அய்யா?"

பதிலை ராக்குதான் சொன்னாள். "நான் திரும்பிக்கிறேன் சார். கொஞ்சங் கொஞ்சமா."

அப்பா தொண்டையைக் கனைத்தார். "படிக்குதுல்ல?"

"படிக்குது" என்றார் வாத்தியார்.

"அப்ப எழுதுங்க. நாலாப்புன்னு எழுதுங்க."

வாத்தியார் எழுதினார். அதை அவர் பக்கம் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்போதே, எதிரே நின்ற ராக்கு தன் பெயரைப் படித்துவிட்டாள். "'ராக்கம்மாள்'னு முழுசாப் போட்டிருக்காக" என்று அம்மாவிடம் சொன்னாள்.

ராக்கு எப்படித் திரும்பிக்கொள்வது என்பதை வீட்டுக்குப் போகும் வழியிலேயே முடிவு செய்துவிட்டோம். கடலை உடைக்கும் வேலை விதைப்பு வரைக்கும் இருக்கிறது. தினம் சாயங்காலம் ராக்கு தன் இடத்தை ஒரு சாண் நகர்த்தி உட்கார வேண்டும். குவியலைச் சுற்றி, கடிகார முள் மாதிரி. பாதி நாட்கள் போனால் சோணைக்குப் பக்கவாட்டில் இருப்பாள். எழுத்துகள் ஒருக்களித்துப் படுத்திருக்கும். மழை விழுந்து ஏர் பூட்டும்போது அவன் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும், எழுத்துகள் எல்லாம் எழுந்து நின்றிருக்க வேண்டும். "எங்கிட்டு வேணாலும் உக்காரட்டும்" என்றாள் அம்மா, "சத்தம் மட்டும் நிக்கக் கூடாது." அன்று சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது, முந்தின நாள் நின்றுபோன சத்தம் மறுபடி ஆரம்பித்திருந்தது. முதல் சாண் அப்போதே நகர்ந்தாயிற்று.

இதை அருப்புக்கோட்டையில், செண்பகம் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே பருத்திப்பால் கொதிக்கிறது. "இன்னுமா ஊருக்குப் போகலே?" என்று கேட்ட செண்பகத்தின் அப்பாவிடம், ஆரம்பத்திலிருந்து மறுபடி போகப் போகிறேன் என்றேன். அவர் மகளைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே கடைக்குப் போனார்.

மறுபடிதான் போக வேண்டும். எழுத்துகளோடு நின்றுபோன அந்த நான்காம் வகுப்புப் பையன், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்த வேறு பிள்ளைகள். அவர்கள் எல்லாம் எந்தக் குவியலுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை. பலர் நிஜமாகவே படிக்கத் தெரியாதவர்களாக இருக்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் கணக்கை முடிக்க எனக்கு மனமில்லை.

நாளைக்கு முதலில் திருச்சுழி. கோயில் பக்கத்துச் சேவுக்கடையில் அந்தப் பத்திரிகையின் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யார் கதவை மூடினாள் என்று ராக்குவுக்குச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அங்கிருந்து மல்லாங்கிணறு பக்கம், குலுக்கை தும்மிய வீடு. இந்த முறை அட்டையை நான் பிடிக்கப் போவதில்லை. தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றுகொள்வேன். பிள்ளை வந்து தனக்கு வேண்டிய பக்கம் உட்காரட்டும். மிச்சமிருக்கும் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.